பழைய வள்ளத்தில் எதை விலைக்கு வாங்குகிறோம்?

பாம்பனிலோ தொண்டியிலோ மணலில் ஏற்றிவைத்திருக்கும் பழைய மரவள்ளத்தை விலை பேசப் போகிறவர் முதலில் கேட்பது அதன் வயதைத்தான். பத்து வருஷத்துப் படகா, இருபது வருஷத்துப் படகா என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்ததாக நினைக்கிறோம். ஆனால் மரப்படகுக்கு வயது அவ்வளவு பெரிய விஷயமில்லை. 1960களின் தொடக்கத்தில் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட ‘சுஹைலி’ என்ற 32 அடிப் பாய்மரப் படகில், ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்திலிருந்து தனியாளாகப் புறப்பட்டார். எந்தக் கரையிலும் நிற்காமல் உலகைச் சுற்றி, 312 நாள் கழித்து 1969 ஏப்ரல் 22 அன்று அதே துறைமுகத்துக்குத் திரும்பினார். அதற்கு முன் அப்படியொரு பயணத்தை யாரும் முடித்ததில்லை. அறுபது வயதைத் தாண்டிய அந்தப் படகு இன்றும் மிதக்கிறது. இன்னொரு பக்கம், கவனிப்பாரற்றுப் போன வள்ளம் சில ஆண்டுகளிலேயே அடுப்புக்குப் போய்விடுகிறது.

இந்த வேறுபாடு நாள்காட்டியில் இல்லை. நல்ல மரம் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். அதைப் பிடித்து நிறுத்தியிருக்கும் இரும்பு எந்த நிலையில் இருக்கிறது, நீர் எந்த வழியாக எங்கே போய்த் தேங்குகிறது என்ற இரண்டும்தான் படகின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. பழைய மரப்படகு வாங்குகிறவர் உண்மையில் விலை கொடுத்து வாங்குவது பலகைகளை அல்ல, ஆணிகளை. மீன்பிடிக்க வாங்குபவர், பாய் விரித்துக் கரையோரமாகச் சுற்றிவர ஆசைப்படுபவர் இருவருக்குமே இது பொருந்தும். ஆனால் அந்த ஆணிகளைப் பார்ப்பதற்கு முன் அந்தப் படகு எந்தக் கடலுக்காகப் பிறந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

ராமேஸ்வரம் தீவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் கரையில் சொல்வார்கள். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இது தலைகீழாகும். அதற்கேற்பத் தீவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் படகுகளை மாற்றுவது இங்கே பழைய வழக்கம். பாக் விரிகுடாவின் சராசரி ஆழம் 10 மீட்டருக்கும் குறைவு. கரைக்கு அருகே வெகுதூரம் இடுப்பளவு நீர்தான். அதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு: இங்கே கடல் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையிலான உயர வேறுபாடு ஒரு மீட்டரைக்கூட எட்டாது.

இந்தக் கடைசி விஷயம் படகின் வடிவத்தையே தீர்மானிக்கிறது. இங்கிலாந்து, பிரான்ஸ் கரைகளில் கடல் நாள்தோறும் பல மீட்டர் ஏறி இறங்கும். அங்கே படகை ஒரு சுவரோரம் கட்டிவைத்தால் போதும். ஆறு மணி நேரத்தில் நீர் தானாக வற்றி, அடிப்பாகம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். சுரண்டலாம், வண்ணம் பூசலாம், பழுது பார்க்கலாம். நம் கரையில் கடல் அந்த உதவியைச் செய்யாது. அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டுமானால் ஆட்கள் சேர்ந்து மணலில் இழுத்துத்தான் ஆக வேண்டும். அதனால்தான் இங்குள்ள வள்ளங்களும் பாக் விரிகுடாவின் வத்தைகளும் நீருக்குள் கொஞ்சமே ஆழ்கின்றன. வெளிநாட்டுப் பாய்மரப் படகுகளின் படங்களைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கேரளத்தைச் சேர்ந்த முன்னாள் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, 2023 ஏப்ரலில் ‘கோல்டன் குளோப்’ பந்தயத்தில் உலகைத் தனியாகச் சுற்றிவந்து இரண்டாம் இடம் பிடித்தார். 1988-க்கு முன் வடிவமைக்கப்பட்ட, நீண்ட அடிமரம் கொண்ட படகுகளுக்கு மட்டுமே அந்தப் பந்தயத்தில் இடம். அவர் ஓட்டிய ‘ரஸ்ட்லர் 36’ பெருங்கடலுக்கு அருமையான படகு. ஆனால் அதன் அடி சுமார் 1.7 மீட்டர் நீருக்குள் இறங்கும். தங்கச்சிமடத்து மணலில் அதை ஏற்ற முடியாது. இந்தக் கரையில் வைத்துப் பராமரிக்க ஒரு பழைய படகு தேடுகிறீர்களென்றால், அதைக் கரையேற்ற முடியுமா என்பதுதான் முதல் கேள்வி.

ஆழம் குறைந்த படகு காற்றில் எளிதாகச் சாயும். அதை நிமிர்த்த அடியில் கனமான ஈயமோ இரும்போ கிடையாது. பாக் விரிகுடாவின் பாய்மரப் படகுக்காரர்கள் இதற்கு ஓர் அழகான தீர்வு கண்டிருந்தார்கள். படகின் குறுக்கே ஒரு நீண்ட பலகையைக் காற்று வரும் பக்கமாக வெளியே நீட்டி, அதன் நுனியில் ஆட்களை உட்கார வைத்தார்கள். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920-இல் வெளியிட்ட ஆய்வில் இதைப் பதிவு செய்திருக்கிறார். இயற்பியல் எளிமையானது: 60 கிலோ எடையுள்ள ஒருவர் படகின் நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், ஒரு மீட்டர் தள்ளி வைத்த 180 கிலோ மூட்டைக்குச் சமமான நிமிர்த்தும் விசை கிடைக்கும். காற்று கூடினால் இன்னொருவர் நகர்ந்து உட்காருவார், குறைந்தால் உள்ளே வருவார். தேவைக்கேற்ப இடம் மாறும் எடை இது. இன்று நவீனப் பந்தயப் படகுகளில் ஆட்கள் விளிம்புக்கு வெளியே தொங்குவதும் இதே கணக்கில்தான். அப்படி ஓடிய பழைய படகு ஒன்று கிடைத்தால், அந்தப் பலகை உட்கார்ந்த குறுக்குச் சட்டங்களின் இணைப்பைத் தனியாகப் பாருங்கள். படகு வாழ்நாளெல்லாம் தாங்கிய முறுக்கு முழுவதும் அங்கேதான் இறங்கியிருக்கும்.

சரி, படகு மணலில் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? பெரும்பாலோர் குனிந்து அடிப்பாகத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். நான் மேலிருந்து தொடங்கச் சொல்வேன். மரத்தை மக்க வைப்பது பூஞ்சை. அது வளர ஈரம், காற்று, மரம் மூன்றும் வேண்டும். மரத்தின் எடையில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சையால் வளர முடியாது. எப்போதும் கடல்நீரில் மூழ்கியிருக்கும் பலகையில் ஈரம் ஏராளம், ஆனால் அங்கே காற்று போதாது, உப்பும் பூஞ்சைக்கு ஆகாது. எனவே கடல்நீர் படும் இடம் எளிதில் மக்குவதில்லை. மக்குவது மழைநீர் தேங்கும் இடம். மேல்தளப் பலகைகளின் சந்து, பாய்மரம் ஊன்றியிருக்கும் குழி, முன்முனையான அணியத்தின் உள்மூலை, வள்ளத்தின் மேல்விளிம்புக்கு அடியில் விலாச்சட்டம் முடியும் இடம் ஆகியவற்றைப் பாருங்கள். நல்ல நீர்தான் மரப்படகின் எதிரி என்று சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள், ஆனால் இது சோதித்து அறிந்த உண்மை. ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழைதான், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். மீதி மாதங்களின் வெயில் மரத்துக்கு மருந்து. அந்த இரண்டு மாதம் ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடிய படகா, வானத்தைப் பார்த்துத் திறந்து கிடந்த படகா என்று விசாரியுங்கள். வயதைக் கேட்பதைவிட இந்தக் கேள்வி பயனுள்ளது.

அப்துல் கலாம் தன் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில், தனக்கு ஆறு வயதாக இருந்தபோது ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே யாத்ரீகர்களை ஏற்றிச் செல்ல தந்தை ஜைனுலாப்தீன் கடற்கரையில் ஒரு மரப்படகு கட்டியதை நினைவுகூர்கிறார். உறவினர் அகமது ஜலாலுதீன் உடனிருந்து உதவினார். மரத்தை விறகுத் தீயின் சூட்டில் பதப்படுத்தினார்கள் என்ற விவரத்தையும் சொல்கிறார். அந்தச் சூடு செய்யும் வேலை இரட்டை வேலை. பச்சை மரத்தின் ஈரத்தைப் பூஞ்சை வளர முடியாத அளவுக்கு இறக்குவது ஒன்று. மரநார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருள் ஈரத்தோடு சூடானால் இளகும், அப்போது பலகையை வளைக்கலாம், ஆறியதும் அதே வளைவில் நிற்கும் என்பது மற்றொன்று. அணியத்தில் வளைந்து ஏறும் பலகைகளில் குறுக்கு வெடிப்பு இருந்தால், சூடு போதாமல் வலுக்கட்டாயமாக வளைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஜைனுலாப்தீன் கட்டிய அந்தப் படகைப் பின்னர் ஒரு புயல் கொண்டுபோய்விட்டது.

இப்போது குனிந்து நீர்மட்டத்துக்குக் கீழே வருவோம். இங்கே ஆள் வேறு. கப்பல்புழு என்று பெயர், ஆனால் அது புழு அல்ல. சிப்பி, மட்டி இனத்தைச் சேர்ந்த மெல்லுடலி. அதன் ஓடு சுருங்கிச் சுருங்கி, தலைப்பக்கத்தில் இரண்டு சின்ன அரங்களாக மாறிவிட்டது. குஞ்சுப் பருவத்தில் நீரில் மிதந்து வந்து மரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஊசிமுனை அளவு துளையிட்டு உள்ளே போகும். பிறகு வெளியே வருவதே இல்லை. உள்ளேயே வளர்ந்து, மரநாரின் திசையில் நீண்ட சுரங்கம் தோண்டி, சுவருக்குச் சுண்ணாம்பு பூசிக்கொள்ளும். மரத்தூளைத் தின்று செரிக்க அதன் செவுள்களில் வாழும் பாக்டீரியாக்கள் உதவுகின்றன. செல்லுலோஸை உடைக்கும் நொதிகளைத் தருவதோடு, மரத்தில் இல்லாத நைட்ரஜன் சத்தையும் நீரில் கரைந்த வாயுவிலிருந்து அவையே பிடித்துக் கொடுக்கின்றன. மரம் ஒன்றை மட்டும் நம்பி ஒரு கடல் உயிரி வாழ முடிவது இந்தக் கூட்டாளிகளால்தான். ஒரு தாய் இலட்சக்கணக்கில் முட்டையிடும். பாக் விரிகுடாவில் நீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவே இருப்பதால், குளிர்நாட்டுக் கடல்களைப்போல இவற்றுக்கு ஓய்வுக்காலம் கிடையாது. பாதுகாப்பில்லாத மென்மரத்தைச் சில மாதங்களில் சல்லடையாக்கிவிடும்.

வாங்குபவருக்கு இதில் உள்ள ஆபத்து, வெளியே ஒன்றும் தெரியாது என்பதுதான். உள்ளே சுண்டுவிரல் நுழையும் சுரங்கம் இருக்கும், வெளியே குண்டூசித் துளை. அதன்மேல் ஒரு கை வண்ணம் பூசிவிட்டால் அதுவும் மறைந்துவிடும். அதனால் புதிதாக வண்ணம் பூசிய பழைய படகைக் கண்டால் மகிழ வேண்டாம். அடிப்பாகத்தில் நாலைந்து இடங்களிலாவது உள்ளங்கை அகலம் சுரண்டிப் பார்க்க விற்பவர் சம்மதிக்க வேண்டும். மரச்சுத்தியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல பலகை கணீரென்று பேசும், புழுத்த பலகை மழுங்கிய ஒலி தரும். சந்தேகமான இடத்தில் மெல்லிய குத்தூசியை அழுத்துங்கள். ஈரம் அளக்கும் மின்கருவியை இந்த இடத்தில் நம்ப வேண்டாம். அது மரத்தின் வழியே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைத்தான் அளக்கிறது. உப்பு ஊறிய மரம் காய்ந்திருந்தாலும் ஈரம் என்றே காட்டும்.

கப்பல்புழு காற்றில் காய்ந்தால் செத்துப்போகும். ஆனால் உடனே அல்ல. துளையின் வாயைச் சிறு மூடிகளால் அடைத்துக்கொண்டு உள்ளே சில வாரங்கள் தாக்குப்பிடிக்கும். ஆகவே வள்ளத்தைக் கரையேற்றி ஒரு மாதத்துக்கு மேல் காயவிடும் பழக்கம் உள்ளவரிடம் வாங்குவது நல்லது. மீன் எண்ணெய், முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவது குஞ்சு ஒட்டுவதைத் தள்ளிப்போடும். மரத்துக்குள்ளேயே மருந்தேற்றும் முறையில் நம் நாட்டவர் ஒருவரின் பங்கு பெரியது. செம்பு, குரோமியம், ஆர்சனிக் சேர்ந்த கரைசலை அழுத்தத்தில் மரத்துக்குள் செலுத்தும் முறையை 1933-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் கண்டுபிடித்தவர் சொந்தி காமேசன். உலகம் முழுவதும் மின்கம்பங்களையும் துறைமுகத் தூண்களையும் பல பத்தாண்டுகள் காத்தது அந்தக் கலவைதான். ஆர்சனிக்கின் நச்சுத்தன்மையால் இன்று பல நாடுகளில் வீட்டு உபயோகத்துக்கு அதை நிறுத்திவிட்டார்கள். இலேசான பச்சை நிறமுள்ள பலகை இருந்தால் அந்த மருந்தாக இருக்கலாம். அந்தத் தூளை மூச்சில் இழுக்காதீர்கள், துண்டுகளை அடுப்பில் போடாதீர்கள்.

இனி ஆணி. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்னதற்கு நியாயம் சொல்ல வேண்டிய இடம் இது.

நம் கரைகளில் பலகையை வங்கு எனப்படும் விலாச்சட்டத்தோடு பிணைப்பது பெரும்பாலும் இரும்பு ஆணி. உப்புநீர் ஊறிய மரத்துக்குள் ஓர் ஆணி இருக்கும்போது அதன் எல்லாப் பகுதியும் ஒரே சூழலில் இல்லை. தலைப்பக்கத்துக்குக் காற்றிலுள்ள ஆக்சிஜன் எட்டும். மரத்துக்குள் புதைந்த உடலுக்கு எட்டாது. இந்த வேறுபாடே அந்த ஆணியை ஒரு சிறு மின்கலமாக்கிவிடுகிறது. ஆக்சிஜன் கிடைக்காத நடுப்பகுதி கரைந்து இரும்பு அயனிகளாகப் போகிறது. அங்கே அமிலம் உண்டாகிறது. ஆக்சிஜன் கிடைக்கும் பக்கத்தில் காரம் உண்டாகிறது. அமிலம் மரத்தின் செல்லுலோஸை அரிக்கும், காரம் லிக்னினைக் கரைக்கும். ஆணி இளைப்பது பாதிக் கதைதான். தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் அது கூடவே கெடுத்துவிடுகிறது. அந்த ஓட்டையில் புதிய ஆணி அடித்தால் பிடிக்காது, ஏனென்றால் பிடிப்பதற்கு அங்கே மரம் இல்லை, பஞ்சுபோன்ற நார்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு, துரு தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். பலகையை உள்ளிருந்தே பிளக்கும்.

மிகவும் இளைப்பது பலகையும் வங்கும் சந்திக்கும் இடத்தில். அங்கேதான் நீர் தேங்கி நிற்கிறது. தலையும் முனையும் முழுசாக இருக்க, இடுப்பு மட்டும் கம்பி அளவுக்கு மெலிந்த ஆணிகளைப் பழைய படகுகளில் பிடுங்கிப் பார்க்கலாம். வெளியிலிருந்து தலையைத் தட்டிப் பார்த்தால் திடமாகத்தான் இருக்கும். அதனால் இரண்டு மூன்று ஆணிகளையாவது பிடுங்கிக் காட்டச் சொல்ல வேண்டும், அதுவும் விற்பவர் காட்டும் இடத்தில் அல்ல. அடிப்பாகத்தில் ஏரா எனப்படும் அடிமரத்தை ஒட்டிய முதல் பலகையில் ஒன்று, எஞ்சின் இருக்கும் பகுதியில் ஒன்று, அணியத்தில் ஒன்று. கரையில் சிலர் இதைக் கேட்கத் தயங்குவார்கள். தயங்கக் கூடாது. ஓர் ஆணியை மாற்றுவது சில ரூபாய்ச் செலவு, ஆயிரம் ஆணியை மாற்றுவது படகின் விலை.

ஆணி பிடுங்காமலே ஓரளவு சொல்லிவிடும் அடையாளம் ஒன்றும் உண்டு. ஆணித்தலைக்குக் கீழே பலகையில் வழிந்த கறுப்புக் கோடு. கடுக்காய்ச் சாற்றில் இரும்பைச் சேர்த்து மை காய்ச்சிய அதே வேதியியல்தான் அங்கே நடக்கிறது: மரத்தின் துவர்ப்புப் பொருளான டானினும் கரைந்த இரும்பும் சேர்ந்து கறுக்கின்றன. வங்குகளுக்கு விரும்பிப் பயன்படுத்தும் நாட்டுக் கருவேலத்தில் டானின் மிகுதி. வளைந்த கிளைகள் இயற்கையாகவே விலாச்சட்ட வடிவில் கிடைப்பதால் படகு கட்டும் ஓடாவிகளுக்கு அது உயர்ந்த மரம், ஆனால் இரும்புக்குக் கடுமையான துணை. கருவேல வங்கில் துத்தநாகம் பூசாத இரும்பாணி அடித்த படகென்றால் விலையைக் குறைத்துப் பேச அதுவே போதுமான காரணம். தேக்கு, தன்னிடமுள்ள எண்ணெய்ப் பொருளால் இரும்பிடம் கொஞ்சம் கருணை காட்டும். ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த படகுகளுக்கு இந்த நோயே கிடையாது; சோழமண்டலக் கரையின் மசூலாப் படகு அந்த வகை. 2025 மே மாதம் இந்தியக் கடற்படையில் சேர்ந்த ‘கௌண்டின்யா’ என்ற பாய்மரக் கப்பலும் அப்படித் தைத்துக் கட்டியதுதான்.

பழைய பாய்மர வள்ளங்களில் பெரும்பாலானவற்றில் இன்று எஞ்சின் பொருத்தியிருக்கிறார்கள். இதனால் இரண்டு கேடு. முதலாவது வேகம். எடையால் நீரை விலக்கி ஓடும் படகு தன் நீளத்துக்கேற்ற அலையை எழுப்பிக்கொண்டு போகும். அந்த அலையைத் தாண்டி ஓட அதனால் முடியாது. நீரோடு தொடும் நீளம் 7 மீட்டர் உள்ள வள்ளத்துக்கு இந்த எல்லை மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர். அதற்குமேல் பெரிய எஞ்சின் வைத்து உந்தினால் பின்பக்கம் அமிழும், எரிபொருள் எரியும், அதிர்வில் ஆணிகள் தளரும். இரண்டாவது, உலோகங்களின் சண்டை. வெண்கல விசிறி, எஃகுத் தண்டு, இரும்பாணி மூன்றும் ஒரே உப்புநீரில் இருந்தால் அவற்றில் எளிதில் அரிபடும் உலோகம் கரையும். இந்தப் பாடத்தை பிரிட்டிஷ் கடற்படை பெருஞ்செலவில் கற்றது. கப்பல்புழுவைத் தடுக்க 1761-இல் ‘அலாரம்’ என்ற போர்க்கப்பலின் அடியில் செப்புத் தகடு போர்த்தினார்கள். புழு வரவில்லை. ஆனால் இரண்டாண்டில் பார்த்தபோது, செம்பைத் தொட்ட இடங்களில் இரும்பாணிகள் அரித்துப் போயிருந்தன. 1824-இல் ஹம்ப்ரி டேவி, இன்னும் எளிதில் கரையும் துத்தநாகத்தைப் பலியாக வைத்து மற்றதைக் காக்கலாம் என்று காட்டினார். இன்று எஞ்சின் தண்டருகே பொருத்தும் துத்தநாகக் கட்டி அதன் வாரிசு. பாதி கரைந்த கட்டி நல்ல அறிகுறி: வேலை செய்திருக்கிறது. ஆனால் மரப்படகில் அளவுக்கு மீறித் துத்தநாகம் வைப்பதும் தவறு. காப்பாற்றப்படும் உலோகத்தைச் சுற்றிக் காரம் பெருகி மரம் நைந்துவிடும்.

கலப்பத்து பற்றி வாங்குபவர்கள் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். பலகைச் சந்துகளில் பஞ்சு திணித்துக் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து அடைத்தது உதிர்ந்து, வெளிச்சம் தெரிகிறதென்றால் அது நோய் அல்ல. மரம் காயும்போது நீளவாக்கில் சுருங்குவதே இல்லை என்று சொல்லலாம், அகலவாக்கில்தான் சுருங்கும். 20 செ.மீ. அகலப் பலகை வெயிலில் சில மில்லிமீட்டர் குறையும். நீரில் இறக்கினால் ஓரிரு நாளில் மறுபடி உப்பி ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ளும். ஆகவே கரையில் காய்ந்த நிலையில் ஒருமுறையும், நீரில் இறக்கி இரண்டு நாள் கழித்து ஒருமுறையும் பாருங்கள். இரண்டு நாளுக்குப் பிறகும் ஒரே இடத்தில் நீர் வந்துகொண்டிருந்தால் அங்கே பலகை அசைகிறது, அதாவது ஆணி பிடிக்கவில்லை. சுஹைலியிலும் பயணத்தின் நடுவே அடிமரத்தை ஒட்டிய சந்தில் கசிவு வந்தது. நாக்ஸ்-ஜான்ஸ்டன் நடுக்கடலில் மூழ்கிப் பஞ்சு திணித்து, மேலே செப்புத் தகடு அறைந்து அடைத்துவிட்டுத்தான் உலகைச் சுற்றினார்.

மன்னிக்கக் கூடாத பழுது ஒன்று உண்டு, அது ஏராவின் வளைவு. படகின் நடுப்பகுதி அகலமானது, அதற்கு மிதப்பு அதிகம். அணியமும் பின்முனையும் ஒல்லியானவை. அங்கே எடைக்குப் போதிய மிதப்பு இல்லை. ஆண்டுக்கணக்கில் இரண்டு முனைகளும் தொங்கித் தொங்கி நடு மேலே எழும்பி நிற்கும். முனைக்கு முனை ஒரு நூலை இழுத்துக் கட்டி, நூலுக்கும் ஏராவுக்கும் இடையே உள்ள இடைவெளியை அளந்தால் தெரிந்துவிடும். கட்டும்போதே கொடுத்த வளைவா, பின்னால் வந்ததா என்பதை ஓடாவி சொல்வார். பின்னால் வந்தது என்றால், அத்தனை வங்கும் பலகையும் ஒன்றன்மேல் ஒன்று நழுவியிருக்கிறது, அத்தனை ஆணியும் முறுக்கப்பட்டிருக்கிறது. அதைச் சரிசெய்வது புதுப்படகு கட்டுவதற்குச் சமம்.

மரம் வேண்டாம், பழைய ஃபைபர் படகு வாங்கிக்கொள்கிறேன் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஃபைபரும் நீர் குடிக்கும். மேற்பூச்சின் வழியே மெல்ல நுழையும் நீர் உள்ளே பிசினிலிருந்து பிரியும் அமிலப் பொருள்களைக் கரைக்கும். அந்தக் கரைசல் சவ்வூடுபரவலால் மேலும் நீரை இழுத்துக் கொப்புளமாக எழும். வெதுவெதுப்பான கடலில் இது வேகமாக நடக்கும். ஒரு கொப்புளத்தைக் குத்திப் பாருங்கள். காடி நெடி அடித்தால் இதுதான். எஞ்சின் மாட்டும் பின்சுவருக்குள் ஒட்டுப்பலகை வைத்திருப்பார்கள், அது உள்ளே மக்கியிருக்கும். எஞ்சினைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் சுவரும் அசைகிறதா என்று பார்த்தால் போதும்.

பாயைப் பொறுத்தவரை, வெயிலின் புறஊதாக் கதிர் துணிக்கு முன் தையல் நூலைக் கெடுக்கும். நகத்தால் நூலைச் சுரண்டினால் அறுகிறதா என்று பாருங்கள், அறுந்தால் மறுதையல் போடலாம். காகிதங்களில் மீன்வளத் துறையின் பதிவு எண், படகில் எழுதியிருக்கும் எண், எஞ்சின் எண் மூன்றும் பொருந்த வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா என்பதால் அங்கே அனுமதியில்லாமல் இறங்கவோ பவளத்தில் நங்கூரம் போடவோ கூடாது. பன்னாட்டுக் கடல் எல்லை மிக அருகில் இருப்பதால் நல்ல ஜிபிஎஸ் கருவி ஆடம்பரம் அல்ல. பாய்மரம் உயரமான படகு வாங்கினால், ஒரு கடலிலிருந்து இன்னொன்றுக்குப் போக 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி மேலே ஏறும்வரை காத்திருக்க வேண்டும்.

படகு தேடப் போக நல்ல காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறி, அடிப்பாகம் வெளியே தெரியும் மாதங்கள் அவை. அடியில் ஒட்டிய கொட்டலசைச் சுரண்டும் சத்தமும் உளிச்சத்தமும் கேட்கும் இடத்துக்குப் போனால் ஓடாவிகளைப் பார்க்கலாம். கூலி பேசி ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். விற்பவருக்கு வேண்டியவராக அவர் இருக்கக் கூடாது. உதிர்ந்த கலப்பத்து, கிழிந்த பாய், உடைந்த சுக்கான், மக்கிய மேல்தளம் இவற்றுக்காக ஒரு படகை விட்டுவிட வேண்டாம், அவையெல்லாம் மாற்றக்கூடியவை. பிடுங்கிய மூன்று ஆணியில் இரண்டு இடுப்பொடிந்திருந்தாலோ, ஏரா வளைந்திருந்தாலோ, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

வாங்காமல் விட்டுவரும் அந்தப் படகுக்காக ஒரு வேண்டுகோள். இந்த வள்ளங்களுக்கும் வத்தைகளுக்கும் வரைபடம் கிடையாது. ஓடாவி கண்ணளவில், கையளவில் கட்டியவை. உடைத்து விறகாக்கினால் அந்த வடிவமும் அதோடு போய்விடும். ஹார்னெல் நூறாண்டுக்கு முன் செய்த வேலை அத்தோடு நின்றுபோகத் தேவையில்லை. ஒரு அளவுநாடாவும் நோட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். நீளம், முழத்துக்கு முழம் அகலமும் ஆழமும், ஏராவின் தடிமன், நாலைந்து வங்குகளின் வளைவு, பாய்மரம் ஊன்றிய இடம், என்ன மரம், எங்கே கட்டியது, கட்டிய ஓடாவி யார் என்பதை எழுதி, படம் எடுத்து, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ நூலகத்திலோ ஒரு படி கொடுத்துவிட்டு வாருங்கள். இன்னொரு வள்ளம் கட்ட விரும்பும் ஒருவருக்கு அந்த நோட்டு போதும்.